வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவவும்

சென்ற மாதம் என் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். கல்லூரியில் வடிவமைப்புப் பாடத்துக்கு ஒரு மென்பொருள் வேண்டியிருக்கிறது, அதன் ஆண்டுச் சந்தாவை வீட்டில் கேட்க மனம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, "மாமா, இதுக்கு நல்ல கிராக் எங்க கிடைக்கும்? உங்களுக்குத் தெரியாம இருக்காதே" என்றான். உரிமப் பூட்டை உடைத்து, பணம் கட்டாமலே ஓடும்படி மாற்றிய மென்பொருளைத்தான் கிராக் என்கிறார்கள். எனக்குத் தெரியும்தான். நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. அவன் வயதில் நானும் இதே கேள்வியை மூத்தவர்களிடம் கேட்டிருக்கிறேன், கேட்ட மறுநாளே அது குறுந்தகட்டில் என் கைக்கு வந்தும் இருக்கிறது. ஆனாலும் அன்று அவனுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்திருந்தால், நான் அனுபவித்த வசதியை அவனுக்கு மறுத்தேன் என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இருந்திருக்காது.

அந்தக் காலத்துக் குறுந்தகடுகளில் மென்பொருளோடு ஓர் உரைக்கோப்பும் இருக்கும். நிறுவும் முறையை அதில் படிப்படியாக எழுதியிருப்பார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் முதல் படி ஒன்றுதான்: வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவவும். அந்த வரியை நான் ஒருமுறைகூட நின்று யோசித்ததில்லை. பெயரும் முகமும் தெரியாத ஒருவர் மாற்றியமைத்த நிரலுக்கு என் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் காவலையும் நானே விலக்கி வைத்தேன். கீஜென் என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறு நிரல் உரிம எண்ணை உருவாக்கியதோடு நின்றதா, வேறு எதையேனும் உள்ளே விட்டுச் சென்றதா என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பைரசியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிறுவனங்களின் நட்டக் கணக்கிலிருந்து தொடங்குகிறது. எனக்கோ இந்த வரியிலிருந்து தொடங்குவதே சரியென்று படுகிறது. மென்பொருள் உரிமத்தை மீறுவதும் பிறர் கணினிக்குள் நுழைவதும் ஒரே கேள்வியின் இரு முனைகள் என்பதை எனக்கு உணர்த்தியது இதுதான். ஒரு நிரல் எங்கே, எப்படி ஓடலாம் என்பதற்கு யாருடைய அனுமதி தேவை என்பதே அந்தக் கேள்வி.

நகலெடுப்பதைத் திருட்டு என்று சொல்லலாமா என்பதில் எனக்கு நீண்டகாலமாகவே தயக்கம் உண்டு. பொருளைத் திருடினால் உரியவரிடம் அது இல்லாமல் போகிறது; கோப்பை நகலெடுத்தால் அவரிடம் இருந்தது அப்படியே இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட 1985இல் டவ்லிங் வழக்கில், பதிப்புரிமை மீறலைத் திருட்டுப் பொருள் பற்றிய சட்டத்தின்கீழ் கொண்டுவர முடியாது என்றே தீர்ப்பளித்தது. ஆகவே, "திருட்டு இல்லையே, அப்படியானால் தவறும் இல்லை" என்ற முடிவுக்கு மாணவப் பருவத்தில் நான் எளிதாக வந்து சேர்ந்தேன். அந்த முடிவு எனக்கு நேர்ந்த ஒரு சிறிய அனுபவத்தில் உடைந்தது.

வேலைக்கு வந்த புதிதில், பயிற்சி மையங்களின் கால அட்டவணையையும் வருகைப் பதிவையும் கவனித்துக்கொள்ளும் ஒரு மென்பொருளை, இரவுகளிலும் விடுமுறை நாள்களிலுமாக ஏறக்குறைய ஓராண்டு உழைத்துத் தனியாக எழுதினேன். ஒரு மையம் ஒரு கிளைக்கு மட்டும் வாங்கியது. ஒரு கிளைக்கு உரிய விலைதான் கேட்டேன். பல மாதங்கள் கழித்து, எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் அழைத்து, அட்டவணை அச்சாகும்போது பிழை வருகிறது என்றார். விசாரித்ததில் அது ஏழு கிளைகளில் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் வருத்தத்தோடு கேட்டபோது அவர் கோபப்படவில்லை, உண்மையிலேயே புரியாமல், "நீங்க ஒரு தடவை எழுதினதுதானே சார், இன்னொரு இடத்துல போட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சது?" என்று கேட்டார். அந்தச் சொற்களைப் பெரிய நிறுவனங்களைக் குறித்து நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று என்னிடமிருந்து எந்தக் கோப்பும் குறைந்திருக்கவில்லைதான். ஆனால் என் உழைப்பை என்ன நிபந்தனையில் கொடுப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன்; அந்த முடிவை அவர்கள் என்னைக் கேட்காமலே இல்லாமலாக்கிவிட்டிருந்தார்கள். கேட்டிருந்தால் விலையைக் குறைத்திருப்பேன், சில கிளைகளுக்கு இலவசமாகக்கூடக் கொடுத்திருப்பேன். கேட்கப்படாததுதான் வலித்தது. இந்த வலிக்குத் திருட்டு என்ற சொல் பொருந்தாமல் இருக்கலாம். அதனால் வலி இல்லை என்று ஆகிவிடாது.

1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய திறந்த மடலை அதன் பிறகுதான் வேறு கண்ணோடு படித்தேன். ஆல்டேர் கணினிக்காக அவரும் நண்பர்களும் எழுதிய பேசிக் என்ற நிரல்மொழிக்கான மொழிபெயர்ப்பி துளையிட்ட காகித நாடாக்களில் ஆர்வலர் கூட்டங்களில் கைமாறிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கச் செலவான கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலருக்கு மேல் என்றும், ஆல்டேர் வைத்திருப்பவர்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே அதை வாங்கியிருக்கிறார்கள் என்றும், கிடைத்த பங்குத் தொகையைக் கணக்கிட்டால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபது. பிற்காலத்துப் பெருஞ்செல்வரை மறந்துவிட்டுப் படித்தால், அது எழுதிய நிரலுக்குக் கூலி கேட்கும் ஓர் இளைஞரின் மடல். அதே காலத்தில் வேறு சிலர் வேறொன்றைச் செய்தார்கள் என்பதை நான் கூடுதல் மரியாதையோடு நினைக்கிறேன். விலைகொடுத்து வாங்க விரும்பாத அவர்கள், மிகக் குறைந்த நினைவகத்தில் இயங்கும் டைனி பேசிக் என்ற சிறு மொழியை வடிவமைத்து, எவரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி அதன் மூலநிரலை இதழ்களில் அச்சிட்டார்கள். நாடாவை நகலெடுத்தவர்களும் இவர்களும் ஒரே தட்டுப்பாட்டைத்தான் எதிர்கொண்டார்கள். இவர்களுடைய வழியில் உலகத்துக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது.

வசதியில்லாத மாணவர் என்ன செய்வார் என்ற வாதம்தான் பைரசிக்காகச் சொல்லப்படுவனவற்றில் மிக வலுவானது. அதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஒரே மென்பொருள் ஒருவருக்கு ஒரு நாள் சம்பளமாகவும் இன்னொருவருக்குப் பல மாதச் சம்பளமாகவும் இருக்கும்போது, இருவரையும் ஒரே விலையின் முன் நிறுத்துவது நியாயமாகத் தோன்றவில்லை. அந்த மாணவர் வாங்கியிருக்கவே மாட்டார் என்பதால் நகலுக்கு ஒரு விற்பனை என்று போடப்படும் நட்டக் கணக்குகளையும் நான் நம்புவதில்லை. ஆனால் கிராக்கைப் பயன்படுத்துவதே பெருநிறுவனத்துக்கு எதிரான போராட்டம் என்று சிலர் சொல்லும்போதுதான் எனக்கு ஏற்க முடியாமல் போகிறது. 1998இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பில் கேட்ஸே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்: சீனாவில் மக்கள் மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதில்லை, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும், பழகிவிட்டால் அடுத்த பத்தாண்டுகளில் வசூலிக்கும் வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்ற பொருள்பட அவர் சொன்னது அச்சில் வந்தது. உரிமமில்லாத ஒவ்வொரு நகலும் அந்த நிறுவனத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற பயனரை உருவாக்கிக் கொடுக்கிறது. அவர் வேலைக்குச் செல்லும் அலுவலகம் அதே மென்பொருளை விலைகொடுத்து வாங்குகிறது, அவர் நடத்தும் வகுப்பில் அதையே கற்பிக்கிறார், அவர் அனுப்பும் கோப்பைத் திறக்க மற்றவர்களுக்கும் அதுவே தேவைப்படுகிறது. கிராக்கால் உண்மையில் வாய்ப்பை இழப்பது, அதே வேலைக்காக, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருக்கும் சிறு குழுதான்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வகத்தில் இருந்தபோது, அடிக்கடி சிக்கிக்கொள்ளும் அச்சுப்பொறி ஒன்றின் நிரலைச் சீராக்குவதற்காக அதன் மூலநிரலைக் கேட்டார். இரகசியம் காக்க ஒப்பந்தமிட்டிருப்பதாகச் சொல்லி அது மறுக்கப்பட்டது. இந்த அடைப்பை அநீதி என்று கருதிய அவர் உரிமத்தை உடைக்கும் வழியை நாடவில்லை. 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்து, மறு ஆண்டு வேலையை விட்டு, முழு இயங்குதளத்தையும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். 1989இல் அவர் வெளியிட்ட ஜிபிஎல் உரிமம், பிறரோடு பகிர்ந்துகொள்ளும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே காத்தது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் கதையும் எனக்கு நெருக்கமானது. அதை உருவாக்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலை விடுவிக்க முதலீட்டாளர்கள் இசைந்தார்கள். பயனர்கள் ஏழு வாரங்களில் அந்தத் தொகையைத் திரட்டினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 13 முதல் அது எல்லோருக்குமானது. தங்களுக்கு வேண்டியதைப் பலர் சேர்ந்து விலை கொடுத்து விடுவித்த அந்தச் செயலை, எந்தப் பூட்டுடைப்பையும்விட உயர்வாக மதிக்கிறேன்.

பூட்டுப் போடுபவர்களும் வரம்பு மீறியிருக்கிறார்கள். தனிக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றான பிரெயின், 1986இல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. தாங்கள் விற்ற மருத்துவ மென்பொருளை நகலெடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே எழுதியதாக அவர்கள் சொன்னார்கள். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள். அந்த மென்பொருளைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்களின் வட்டுகளுக்கும் அது கண்டம் தாண்டிப் பரவியது. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் இதைவிடப் பெரிய தவறைத் தெரிந்தே செய்தது. விலைகொடுத்து வாங்கிய இசைத்தட்டைக் கணினியில் இட்டால், நகலெடுப்பதைத் தடுக்கும் ஒரு நிரல் தன்னை இயங்குதளத்தின் ஆழத்தில் மறைத்துக்கொண்டு குடியேறியது. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் தம் கணினியில் தற்செயலாக அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அது கோப்புகளை மறைத்த அதே வழியில் வேறு தீய நிரல்களும் ஒளிந்துகொள்ள முடிந்தது. தன் உரிமையைக் காப்பதாகச் சொல்லிப் பிறருடைய கணினிக்குள் இரகசியமாக நுழைவது, வழக்கறிஞர்களை வைத்திருக்கும் நிறுவனம் செய்தாலும் நுழைவுதான்.

ஹேக்கர் என்ற சொல்லுக்கு முதலில் இந்தக் கறை இல்லை. 1950களின் பிற்பகுதியில் எம்ஐடியின் மாதிரி ரயில் மன்றத்தில், இருப்புப்பாதைச் சுற்றுகளை நேர்த்தியாக இணைக்கும் கெட்டிக்காரத்தனத்தையே ஹேக் என்றார்கள். அதே மாணவர்கள் கணினிக்கு வந்தபோது சொல்லும் கூடவே வந்தது. ஒரு பொருளைத் திறந்து பார்த்து, அது இயங்கும் விதத்தைப் புரிந்துகொண்டு, இன்னும் நன்றாக இயங்க வைக்கும் அந்த ஆர்வம் இல்லாமல் கணினித் துறையே இல்லை என்று நம்புகிறேன். ஆனால் ஆர்வம் தூயதாக இருந்தால் போதும், செயலும் தூயதாகிவிடும் என்ற எண்ணத்துக்கு 1988 நவம்பர் 2 அன்று நடந்தது ஒரு பதிலாக நிற்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ராபர்ட் மோரிஸ், இணையத்தில் தானாகப் பரவும், புழு எனப்படும் வகை நிரல் ஒன்றை அன்று விடுத்தார்; தான் இருக்கும் இடம் தெரியாமலிருக்க, எம்ஐடியின் கணினி ஒன்றிலிருந்து விடுத்தார். எந்தக் கோப்பையும் அழிக்கும் கட்டளை அதில் இல்லை. ஒரு கணினிக்குள் நுழைந்ததும், அங்கே தன் நகல் ஏற்கெனவே இருக்கிறதா என்று அது கேட்கும். இருக்கிறது என்று பொய்ப்பதில் சொல்லி யாரேனும் அதைத் தடுத்துவிடக்கூடும் என்பதால், அப்படிப் பதில் வந்தாலும் ஏழில் ஒருமுறை மீண்டும் குடியேறும்படி எழுதியிருந்தார். அந்த விகிதம் மிகமிக அதிகம். ஒரே கணினியில் நகலுக்கு மேல் நகல் குவிந்து, கணினிகள் திணறி நின்றன. அன்றைய இணையத்தில் இருந்ததாகக் கருதப்பட்ட சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். நிலைமை கைமீறியதை உணர்ந்த மோரிஸ், அதை நிறுத்தும் வழியைப் பெயரில்லாமல் அறிவிக்கும்படி நண்பர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார். அந்த அறிவிப்பு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை, ஏனெனில் அது செல்ல வேண்டிய வலைப்பின்னலையே புழு அடைத்துக்கொண்டிருந்தது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம் என்பது தீர்ப்பு. அவர் பின்னாளில் எம்ஐடியிலேயே பேராசிரியரானார், அதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த இரவில் தூக்கமில்லாமல் தங்கள் கணினிகளை மீட்டுக்கொண்டிருந்த நிர்வாகிகள் எவரும் அவருடைய சோதனையில் பங்கேற்க ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

இதைப் பிறரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் தளத்தில் என் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகவரியின் இறுதியில் ஓர் எண் இருப்பதைக் கவனித்தேன். அதை ஒன்று கூட்டினேன். வேறொருவருடைய பெயரும் பிறந்த தேதியும் அடையாளச் சான்றும் திரையில் வந்தன. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று இன்னொரு எண்ணை இட்டேன், இன்னொருவர் வந்தார். ஓட்டை இருப்பது அத்தோடு உறுதியாகிவிட்டது. ஆனால் நான் மூன்றாவது எண்ணையும் இட்டேன். முதலிரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும். மூன்றாவதுக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை, திறக்கிறது என்பதற்காகத் திறந்தேன். யாரென்று தெரியாத ஒருவருடைய சான்றிதழை அவர் அறியாமல் பார்த்துவிட்டேன். அன்று மாலையே, ஓட்டையை விளக்கியும், எத்தனை பதிவுகளைப் பார்த்தேன் என்பதை மறைக்காமலும் அந்நிறுவனத்துக்கு எழுதினேன். நீண்ட காலம் பதில் இல்லை. பிறகு ஒருநாள் ஓட்டை மட்டும் சத்தமில்லாமல் அடைக்கப்பட்டிருந்தது.

அந்தக் காத்திருப்பில்தான், கண்டுபிடித்ததை எப்போது வெளியிடுவது என்ற கேள்வி எவ்வளவு கடினமானது என்று புரிந்தது. உடனே வெளியிட்டால் தீயவர்கள் பயன்படுத்துவார்கள். என்றென்றும் வெளியிடாவிட்டால் நிறுவனம் அடைக்காமலே இருந்துவிடும். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, அடைப்பதற்கு அவகாசம் கொடுத்து அதன்பின் வெளியிடுவதற்காகக் கடைப்பிடிக்கும் 90 நாள் கெடு, இந்த இரண்டுக்கும் நடுவில் கண்ட ஒரு வழி. பல நிறுவனங்கள் இப்போது ஓட்டையைக் கண்டு சொல்பவருக்குப் பரிசு தருகின்றன. எதுவரை சோதிக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கின்றன. அனுமதி இப்படித் தெளிவாக இருக்கும் இடத்தில், அதே திறமை அதே கருவிகளோடு மரியாதைக்குரிய தொழிலாகிறது.

கண்டுபிடித்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதன் விளைவை 2017 மே 12 அன்று உலகமே பார்த்தது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் வேவுப் பணிக்காக மறைத்து வைத்திருந்தது. அதற்கான கருவி ஏப்ரலில் இணையத்தில் கசிந்தது. அதைக் கொண்டு எழுதப்பட்ட வான்னாகிரை என்ற தீய நிரல், சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அந்த ஓட்டையை அடைக்கும் மேம்படுத்தலை வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே சிக்கின. உரிமமில்லாத இயங்குதளம் வைத்திருப்பவர்கள், மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சத்தில் மேம்படுத்தல்களை நிறுத்தி வைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கணினி அதன் உரிமையாளரோடு நிற்பதில்லை. அதே வலைப்பின்னலில் இருக்கும் மற்றவர்களுக்கும் நோயைக் கொடுக்கிறது. அந்தத் தாக்குதலைத் தணித்த மார்கஸ் ஹச்சின்ஸ் என்ற இளைஞர், பதின்வயதில் வங்கிக் கணக்குகளைக் குறிவைக்கும் தீய நிரல் எழுதிய குற்றத்தைப் பின்னர் ஒப்புக்கொண்டார். 2019இல் நீதிமன்றம், அதுவரை காவலில் கழிந்த நாள்களே போதுமென்று அவரை விடுவித்தது. அந்த நீதிபதி மனிதரை முழுதாகப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளம் அமெரிக்க நிரலாளருக்கு அந்தப் பார்வை கிடைக்கவில்லை. எம்ஐடியின் வலைப்பின்னல் வழியாக ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ் மின்தொகுப்பிலிருந்து லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவிறக்கியதற்காக 2011 ஜனவரியில் அவர் கைது செய்யப்பட்டார். கட்டுரைகள் திருப்பி ஒப்படைக்கப்பட்டபின் ஜேஸ்டோர் வழக்கை விரும்பவில்லை. அரசுத் தரப்போ பல்லாண்டுச் சிறைக்கு வழிவகுக்கும் குற்றச்சாட்டுகளை அடுக்கியது. 2013 ஜனவரி 11 அன்று, தமது 26ஆம் வயதில், வழக்கு முடியுமுன்பே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இதுவரை நான் எழுதிய அனுமதி என்ற அளவுகோல் இங்கே எனக்குத் தடுமாறுகிறது. என் மென்பொருளுக்கு நான் நிபந்தனை வைத்தேன், அது என் உழைப்பு. ஆய்வுக் கட்டுரையை எழுதியவருக்கு இதழ் பணம் கொடுப்பதில்லை, மதிப்பிட்டவருக்கும் கொடுப்பதில்லை, ஆய்வின் செலவைப் பெரும்பாலும் பொதுமக்களின் வரி ஏற்கிறது. அப்படியிருக்க, அனுமதி மறுக்கும் உரிமை கதவில் நிற்பவருக்கு எங்கிருந்து வந்தது? பதிவிறக்குவதற்காக எம்ஐடியின் வலைப்பின்னல் இணைப்பு அறையில் அவர் கணினியை ஒளித்து வைத்ததை நான் சரியென்று சொல்லமாட்டேன். அதற்கு அந்தத் தண்டனை மிரட்டல் நியாயம் என்று சொல்பவரோடு என்னால் ஒருபோதும் உடன்பட முடியாது. பிறர் சேமிப்பைச் சூறையாடியவரையும் நூலகக் கட்டுரையை எல்லோருக்கும் தர நினைத்தவரையும் ஒரே சொல்லால் குறிக்கும் சட்டம், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அந்த வார இறுதியில் அவனோடு உட்கார்ந்து, கட்டற்ற வரைகலை மென்பொருள்களான இங்க்ஸ்கேப்பையும் பிளெண்டரையும் நிறுவிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அவன் கை பழகிவிட்டது. பிறகுதான் உண்மையான தடை தெரிந்தது: அவனுடைய ஒப்படைப்பை, விலைகூடிய அந்த ஒரு மென்பொருளின் கோப்பு வடிவத்தில் மட்டுமே துறை ஏற்கிறது, அதற்கான உரிமத்தையோ மாணவர்களுக்குத் தருவதில்லை. வகுப்பில் பெரும்பாலானோர் என்ன செய்கிறார்கள் என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும் என்றான். பிழை அவனிடம் மட்டும் இல்லை என்று அப்போது உணர்ந்தேன். துறைத் தலைவருக்கு அவனும் நானும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம்: ஒன்று, உரிமம் வாங்கி ஆய்வகத்தில் வையுங்கள், அல்லது, எந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவத்தில் ஒப்படைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. ஒப்படைப்புக்கு இன்னும் பதினொரு நாள்கள் இருக்கின்றன.